டெட்லி பிரிமொனிஷன் டைரக்டர்ஸ் கட்: கையைத் திருத்திக் காலை உடைத்த மறுபதிப்பா?

அரவேணு | 19 அக்டோபர் 2024, இரவு 9.40

ஊட்டியில ஒரு பழைய சாமான் கடையில ரெண்டு டிஸ்க் கிடக்குதுங்க. ஒண்ணு எக்ஸ்பாக்ஸ் 360க்கு 2010ல வந்த டெட்லி பிரிமொனிஷன்ங்கிற வீடியோ கேம். இன்னொண்ணு பிஎஸ்3க்கு 2013ல வந்த டைரக்டர்ஸ் கட். ரெண்டாவதைத் திருத்தின பதிப்புன்னு சொல்றாங்க. நெட்ல பார்த்தா பாதிப்பேர் திருத்தினதுதான் மோசம்ங்கிறாங்க. ரெண்டு மெஷினும் வீட்டுல இருக்கு. எதை எடுக்கறது? கதையை மட்டும் உடைச்சுறாதீங்க.

கட்டபெட்டு | 20 அக்டோபர், காலை 7.15

பிஎஸ்3 டிஸ்க்.

2010 பதிப்பில் துப்பாக்கியை நீட்டினால் கதாநாயகன் யார்க் நின்ற இடத்தில் வேர் பிடித்து நின்றுவிடுவார். நடக்கிற ஸ்டிக்கே குறி வைக்கிற ஸ்டிக்கும். முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட கேமரா. லாரியைச் சந்துக்குள் திருப்புகிற மாதிரிதான் ஆளைத் திருப்ப வேண்டும். டைரக்டர்ஸ் கட்டில் கேமரா வலது ஸ்டிக்குக்கு வந்துவிட்டது. மற்ற விளையாட்டுகளில் பழகிய கை இதிலும் செல்லும். வாங்க இது ஒன்றே போதும்.

படங்களும் கூர்மையாகியிருக்கின்றன, ஆனால் அதை நம்பி வாங்க வேண்டாம். கதை நடக்கிற கிரீன்வேல் ஊரின் மரங்கள் அன்றும் அட்டை, இன்றும் அட்டை. அட்டையைத் துடைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

குன்னூர் சிம்ஸ்பார்க் | 20 அக்டோபர், காலை 11.02

அண்ணா பாதிதான் சொல்றார். பிஎஸ்3ல ஃபிரேம் விழுது, படம் திக்கித் திக்கி ஓடுது. ஊருக்குள்ள கார் ஓட்டறப்போ, மழை பெய்யறப்போ நல்லாவே தெரியும். 360ல இந்த அளவுக்கு இல்ல. கண்ணை வித்து சித்திரம் வாங்கின கதைதான். விலையும் சேர்த்துப் பாருங்க. 2010ல அமெரிக்காவுல 20 டாலருக்கு வித்தது, 2013ல அதையே 40 டாலர் போட்டாங்க.

கட்டபெட்டு | 20 அக்டோபர், மதியம் 1.30

ஃபிரேம் விழுவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காரில் போகும்போது விழுந்தால் எரிச்சல், அவ்வளவுதான். அந்தக் காரும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற பஸ் வேகத்தில்தான் போகும். சண்டை நடப்பது பெரும்பாலும் மூடிய இடங்களில். அங்கே கை சொன்னதைக் கேட்டால் போதும்.

பிஎஸ்3 பதிப்பில் 3டி டிவிக்கான வசதியும், கையசைவை உணர்கிற மூவ் கன்ட்ரோலர் வசதியும் உண்டு. 3டியைத் தொடவே வேண்டாம். ஒரே காட்சியை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வரைந்தாக வேண்டும். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற மெஷின் அது.

கோடை நாயுடுபுரம் | 20 அக்டோபர், மாலை 6.20

ஒரு சின்னத் திருத்தம். டைரக்டர்ஸ் கட்தான் பிஎஸ்3ல முதல் தடவைன்னு யாராவது நினைச்சா, அது அப்படி இல்ல. ஜப்பான்ல 2010 மார்ச்லயே 'ரெட் சீட்ஸ் புரொஃபைல்'ங்கிற பேர்ல 360, பிஎஸ்3 ரெண்டுக்கும் வந்துருச்சு. மத்த நாடுகளுக்கு பிஎஸ்3 பதிப்பு வந்தது 2013 ஏப்ரல் கடைசியில.

அதுக்கும் முன்னாடி 2007 டோக்கியோ கண்காட்சியில 'ரெய்னி வுட்ஸ்'னு காட்டினாங்க. பழைய ஒரு அமெரிக்கத் தொடரை ரொம்ப ஒட்டியிருக்குன்னு பேச்சு வந்ததும், கலைச்சுப் போட்டுத் திரும்பக் கட்டினாங்க. இயக்கினவர் ஹிடேடகா சுயெஹிரோ, ஸ்வெரின்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். ஸ்டூடியோ ஒசாகாவுல இருக்கிற ஆக்சஸ் கேம்ஸ்.

அரவேணு | 20 அக்டோபர், இரவு 8.55

நன்றிங்க. விமர்சனத் தளங்கள்ல மார்க் பார்த்தா தலை சுத்துது. ஒரு இடத்துல 10க்கு 10, இன்னொரு இடத்துல 10க்கு 2. எதை நம்பறது?

கட்டபெட்டு | 21 அக்டோபர், காலை 6.50

இரண்டும் நிஜம். டிஸ்ட்ரக்டாய்டு 10 கொடுத்தது, அமெரிக்க ஐஜிஎன் 2 கொடுத்தது, இரண்டும் 2010 பதிப்புக்கு. விமர்சகர்களை இந்த அளவுக்கு இரண்டாகப் பிளந்த சர்வைவல் ஹாரர் விளையாட்டு என்று கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிவிட்டது.

2 கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. சண்டை மோசம், வரைபடம் மோசம், கார் மோசம், பின்னணி இசை பேச்சை விழுங்கும். 10 கொடுத்தவரும் பொய் சொல்லவில்லை. அந்த ஊர் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் நேரத்துக்கு எழுந்து, தன் வேலைக்குப் போய், மழை வந்தால் உள்ளே ஒதுங்குகிறார்கள். குன்னூர் பெட்போர்டில் நின்று நாலு மணிக்கு யார் எங்கே இருப்பார் என்று சொல்ல முடிகிற மாதிரி, பத்து மணி நேரம் விளையாடினால் கிரீன்வேலிலும் சொல்ல முடியும். காட்டெருமை மட்டும்தான் தெருவில் இறங்கவில்லை.

மறுபதிப்பைப் பற்றிக் கேட்க வேண்டியது ஒன்றுதான். மோசமாக இருந்ததில் எதைத் தொட்டார்கள், எதை விட்டார்கள்? சாயங்காலம் எழுதுகிறேன்.

கட்டபெட்டு | 21 அக்டோபர், இரவு 9.10

தொட்டது முதலில் கட்டுப்பாடு, அதைச் சொல்லியாகிவிட்டது.

அடுத்தது சண்டையின் கடினம். 2010ல் ஆரம்பத்திலேயே எளிது, நடு, கடினம் என்று கேட்கும். டைரக்டர்ஸ் கட்டில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள், எல்லோருக்கும் எளிதுதான். பழைய பதிப்பில் பாதிக்கு மேல் வருகிற, சுவரில் ஊர்கிற நீளமுடிப் பெண் உருவங்கள் நினைவிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் தோட்டாவை வாளி வாளியாகக் கொட்ட வேண்டும். அந்தத் தொல்லை இதில் பெரும்பாலும் போய்விட்டது. சண்டையே மேற்கத்திய சந்தைக்காகப் பின்னால் ஒட்டப்பட்டது என்பார்கள். விளையாடினால் தையல் தெரியும்.

மூன்றாவது, கதைக்கு முன்னும் பின்னும் ஒரு சட்டகம் போட்டிருக்கிறார்கள். ஒரு தாத்தா தன் பேத்திக்குக் கதை சொல்கிற மாதிரி. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

விட்டது வரைபடம். யார்க் திரும்புகிற பக்கமெல்லாம் அதுவும் திரும்பும். வடக்கு எது என்று மனதில் பதியவே பதியாது. ஒரு வெள்ளைத்தாளில் ஹோட்டல், காவல் நிலையம், ஏ அண்ட் ஜி டைனர், பெட்ரோல் பங்க், மில்க் பார்ன் கடை ஐந்தையும் குறித்து, நடுவே போகிற பெரிய ரோட்டைக் கோடாக இழுத்து டிவி பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

இசையும் பேச்சும் மோதுவதையும் விட்டுவிட்டார்கள். வசன எழுத்தை ஆன் செய்துகொள்ளுங்கள்.

குன்னூர் சிம்ஸ்பார்க் | 21 அக்டோபர், இரவு 10.30

கடினத்தை எடுத்ததை நல்லதுன்னு கணக்குல எழுதறீங்களே! பயமே போயிருச்சு. ஒரே குண்டுல விழுற பிசாசுகிட்ட என்ன பயம் வரும்? சண்டைய நல்லா ஆக்கத் தெரியல, அதனால சின்னதாக்கிட்டாங்க.

கட்டபெட்டு | 22 அக்டோபர், காலை 7.05

ராத்திரி யோசித்துப் பார்த்தேன், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய பதிப்பில் சண்டை கஷ்டம் என்பதால் மூச்சடக்குவதற்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த உருவங்களுக்கு நம் மூச்சுதான் அடையாளம். மூச்சை அடக்கினால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. ஓடி முடித்த கையோடு அடக்கினால் நாடி ஏறிப்போயிருக்கும், ரொம்ப நேரம் தாங்காது. நின்று, நாடி இறங்க விட்டு, பிறகு அடக்கி நகர வேண்டும். டைரக்டர்ஸ் கட்டில் இதையெல்லாம் செய்ய யாருக்கும் கட்டாயம் இல்லை. தலைக்கு ஒன்று போட்டுவிட்டு நடக்கலாம்.

எனவே 'தொல்லை போய்விட்டது' என்று நேற்று எழுதியதைப் பாதி திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தொல்லையோடு ஒரு நல்ல விஷயமும் போனது. பயம் வேண்டுமென்றால் தானாகவே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொள்ளலாம். வழிமறிக்கிற உருவத்தை மட்டும் சுடுவது, மற்றதெல்லாம் மூச்சடக்கிக் கடப்பது. இருபது மணி நேரக் கதைக்கு இது அலுக்காது.

கோடை நாயுடுபுரம் | 22 அக்டோபர், மதியம் 2.15

டிஸ்க் வாங்கறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியதையும் யாராவது சொல்லுங்களேன். பழைய கடை டிஸ்க்குன்னா கீறல் இல்லாம இருக்காது.

கட்டபெட்டு | 22 அக்டோபர், மாலை 5.40

வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிற மயிரிழைக் கீறல் பெரும்பாலும் படிக்கும். டிஸ்க்கைச் சுற்றி வட்டமாக ஓடுகிற கீறல்தான் ஆபத்து. கீறல் இருந்தால் கோவையில் பாலிஷ் போடுகிற மெஷின் வைத்திருக்கிற கடைகள் உண்டு, கொடுத்துப் பார்க்கலாம்.

குன்னூர் சிம்ஸ்பார்க் | 22 அக்டோபர், மாலை 6.05

பாலிஷா? பிஎஸ்3 டிஸ்க் ப்ளூரேயாச்சே, அதுக்கா? அண்ணா!

கட்டபெட்டு | 22 அக்டோபர், மாலை 6.30

தப்புதான். மேலே எழுதிய பாலிஷ் யோசனை 360 டிவிடிக்கு மட்டும். டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேலே கொஞ்சம் தேய்த்து எடுத்தாலும் சேதமில்லை. ப்ளூரேயில் அது வெறும் 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது. தேய்த்தால் காப்புப் பூச்சு போகும், பிறகு டிஸ்க்கே போகும். அந்தப் பூச்சு கெட்டியானது, சாதாரண உரசலைத் தாங்கும். அதையும் தாண்டிக் கீறல் விழுந்திருந்தால் அந்த டிஸ்க்கை விட்டுவிடுங்கள்.

360 டிஸ்க்கில் வட்டக் கீறல் வருவதற்குக் காரணமும் இதோடு சேர்த்து: டிஸ்க் சுழலும்போது மெஷினை நகர்த்துவது, நிற்கவைத்த மெஷினைப் படுக்கவைப்பது. ஓடும்போது தொடவே கூடாது.

இன்னொன்று. பிஎஸ்3 டிஸ்க்குக்குப் பிராந்தியப் பூட்டு கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் உறையின் முதுகில் பிஎல்யுஎஸ் என்று எண் தொடங்கினால் அமெரிக்கப் பதிப்பு, பிஎல்ஈஎஸ் என்றால் ஐரோப்பியப் பதிப்பு. கூடுதல் உடை, கார் மாதிரி சமாச்சாரங்களை ஆன்லைனில் எடுப்பதாக இருந்தால், கணக்கும் அதே பிராந்தியமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும், வேலை செய்யாது. 360க்குப் பூட்டு உண்டு, உறையைப் பார்த்துதான் வாங்க வேண்டும்.

அரவேணு | 27 அக்டோபர், இரவு 9.25

பிஎஸ்3 டிஸ்க் வாங்கியாச்சு. கீறல் இல்ல. பிஎல்ஈஎஸ். மெஷின் ரெண்டு வருஷமா அலமாரியில கிடந்தது, ஸ்லிம் மாடல். போட்டதும் டிஸ்க் படிக்கவே இல்ல. அரை மணி கழிச்சு திரும்பப் போட்டேன், படிச்சது. என்ன காரணம்?

கட்டபெட்டு | 28 அக்டோபர், காலை 6.40

ஈரம். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கோத்தகிரிப் பக்கம் அலமாரிக்குள் துணியே பூத்துப்போகிறது, லென்ஸ் மட்டும் தப்புமா? குளிர்ந்து கிடந்த மெஷினை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்தால், கண்ணாடி டம்ளரில் வேர்க்கிற மாதிரி உள்ளே லென்ஸில் நீர்த்துளி படியும். லேசர் அதைத் தாண்டிப் படிக்காது. அதே அறையில் ஆஃப் செய்தபடி மூன்று நான்கு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு போட வேண்டும். ஈரத்தோடு திரும்பத் திரும்ப டிஸ்க் சுழற்றுவது நல்லதல்ல.

பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைக்காதீர்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. பழைய பருத்தித் துணி போதும். டிஸ்க் உறைகளை மூடி இறுகுகிற டப்பாவில், சிலிக்கா ஜெல் 50 கிராம் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அதைச் சமையல் தவாவில் வறுக்கக் கூடாது, அந்த நீலச் சாயத்தில் கோபால்ட் இருக்கிறது. ஆரஞ்சு நிற மணி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கோடை நாயுடுபுரம் | 28 அக்டோபர், காலை 9.30

எங்க பக்கம் அரிசி டப்பாவுல வைக்கிறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். அரிசி மாவு டிரைவுக்குள்ள போனா அப்புறம் இட்லிதான் வரும்.

அரவேணு | 2 நவம்பர், இரவு 11.10

ஆரம்பிச்சாச்சு. காடு, மழை, கார், எல்லாம் பிரமாதம். ஆனா இன்னைக்கு கரண்ட் போய் ஒண்ணரை மணி நேர ஆட்டம் காலி. கடைசியா சேமிச்சது ஹோட்டல் ரூம்ல. திரும்ப ஆன் பண்ணினா வன்தட்டுல கோளாறு, சரிபண்ணணும்னு திரையில எழுத்து வந்து பயமுறுத்துது.

கட்டபெட்டு | 3 நவம்பர், காலை 7.20

அந்த எழுத்து வந்தால் சரி என்று அழுத்திக் காத்திருங்கள். திடீரென்று அணைந்தால் பிஎஸ்3 தன் கோப்பு அமைப்பைச் சரிபார்த்துக்கொள்ளும். நடுவில் திரும்பவும் அணைக்காமல் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சேமிப்புகளை யுஎஸ்பி பென்டிரைவில் வாரம் ஒருமுறை நகல் எடுங்கள். ஃபேட்32 வடிவத்தில் இருந்தால்தான் மெஷினுக்குத் தெரியும்.

இந்த விளையாட்டில் சேமிக்க முடிவது தொலைபேசியிலும் படுக்கையிலும். சண்டை நடக்கும் இடங்களுக்குள்ளும் போன் வரும். போனைப் பார்த்தால் சேமிக்காமல் தாண்டுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்துக்குக் கணக்கு இது: பிஎஸ்3 ஸ்லிம் விளையாடும்போது ஏறத்தாழ 80 வாட், 32 இஞ்ச் எல்ஈடி டிவி 50 வாட். மொத்தம் 130. கம்ப்யூட்டருக்கு வாங்குகிற 600 விஏ யுபிஎஸ் போதும். உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி இருக்கும். புதிதாக இருந்தால் கால் மணி நேரம் தாங்கும், பழையதானால் ஐந்து நிமிடம். அடுத்த போன் வரை ஓடிப்போய்ச் சேமிக்க அது போதும். ஓட்டுவதற்கு அல்ல, சேமிப்பதற்குத்தான்.

குன்னூர் சிம்ஸ்பார்க் | 3 நவம்பர், காலை 10.45

வீட்டுல பெரிய இன்வெர்ட்டர் இருந்தா தனி யுபிஎஸ் தேவையில்ல. பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ் மோடுன்னு. அதுல வைங்க. மத்த மோடுல கரண்ட் மாறுற இடைவெளி அதிகம், ஃபேன் தாங்கும், கேம் மெஷின் தாங்காது. வோல்டேஜ் ஏறி இறங்குற ஊருல யுபிஎஸ் மோடுல வச்சா அது அடிக்கடி பேட்டரிக்கு மாறும், டிக் டிக்குன்னு சத்தம் கேக்கும். அது கோளாறு இல்ல.

அரவேணு | 9 நவம்பர், இரவு 10.00

யார்க் மேல ஈ மொய்க்குது. ஏன்?

கட்டபெட்டு | 9 நவம்பர், இரவு 10.12

குளிர் ஊரில் கோட்டை மாற்றாமல் ஒரு வாரம் போட்டால் உங்கள் மேலும் மொய்க்கும். சூட் மாற்றுங்கள், அழுக்கைச் சலவைக்குப் போடுங்கள். தாடியும் வளரும், கண்ணாடி முன்னால் போய் மழிக்கலாம்.

கட்டபெட்டு | 10 நவம்பர், காலை 8.30

நேற்று அவசரத்தில் விட்டது. பசியும் தூக்கமும் இரண்டு தனி அளவுகள். பசி காலியானால் உயிர் குறையும். தூக்கம் காலியானால் நாடி ஏறும். ரொட்டி, பிஸ்கட் மாதிரி சின்னச் சாமான் ஐந்தாறு எப்போதும் பையில் இருக்கட்டும். காபி தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

கதை வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர இடைவெளி போட்டிருக்கும். தவறவிட்டால் பதறாதீர்கள், மறுநாள் அதே நேரத்துக்குப் போனால் நடக்கும். நேரத்தை ஓட்ட வேண்டுமா, சிகரெட்டோ படுக்கையோ. நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை ஊர்த் தெருவிலும் உருவங்கள் அலையும், அந்த நேரம் தூங்குவதே லாபம்.

கார் பெட்ரோலை அளவு பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். நடுக்காட்டில் நின்றால் நடைதான். ஃப்ளேர், அதாவது சமிக்ஞைத் தீக்குச்சி ஒன்று பையில் இருந்தால் வண்டியை வரவழைக்கலாம். இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் வேலை செய்யும். ஒரு உபயோகமும் கிடையாது, ஆனால் மழையில் வைப்பர் போடாமல் ஓட்ட நம் ஊர்க்காரருக்கு மனசு வராது.

கோடை நாயுடுபுரம் | 10 நவம்பர், இரவு 7.50

கிளைப்பணி 50 இருக்கு. கதைய மட்டும் துரத்திட்டுப் போகாதீங்க. சிலதுல உடையாத ஆயுதம் பரிசு. ஒண்ணுல ஊருக்குள்ள சட்டுனு இடம் மாற உதவற ரேடியோ கிடைக்கும், அதை எவ்வளவு சீக்கிரம் வாங்கறீங்களோ அவ்வளவு நல்லது. ஃபிரேம் விழுற ரோட்டுல பாதி தூரம் மிச்சம். சில பணி மழை பெஞ்சாதான் வரும், சிலது குறிப்பிட்ட நேரத்துல. விட்டுப்போனா அத்தியாயத்தைத் தேர்ந்தெடுத்துத் திரும்ப விளையாடலாம்.

குன்னூர் சிம்ஸ்பார்க் | 17 நவம்பர், மதியம் 12.20

இத்தனை பேசிட்டு பிசி பதிப்பைச் சொல்லாம விட்டீங்களே. அதே டைரக்டர்ஸ் கட்தான், 2013 அக்டோபர் கடைசியில பிசிக்கு வந்துச்சு. வந்தப்போ படத்தோட தெளிவை 720லயே பூட்டி வச்சிருந்தாங்க. டுரான்டேங்கிறவர் சில நாள்லயே டிபிஃபிக்ஸ்னு ஒண்ணு போட்டுத் திறந்து விட்டார்.

கட்டபெட்டு | 17 நவம்பர், மாலை 4.00

சரியான இடத்தில் இடித்தீர்கள். வேலை இப்படி: டிபிஃபிக்ஸ் கோப்புகளை விளையாட்டின் இயக்கக் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில் அவிழ்க்க வேண்டும். உள்ளே இருக்கிற அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்து, வரையும் அகலம் 1920, உயரம் 1080 என்று மாற்றிச் சேமியுங்கள். கிராபிக்ஸ் டிரைவரில் கட்டாய ஆன்டி அலையாசிங் (படத்தின் விளிம்புகளை வழவழப்பாக்குவது) ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், இரண்டும் மோதும். நிழலின் தரத்தை ஒரேயடியாக ஏற்றாதீர்கள், ஒரு படி ஏற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த படி.

30 ஃபிரேம் பூட்டு அப்படியேதான் இருக்கும். கன்ட்ரோலர் கட்டாயம். மழைக்கோட்டுக் கொலைகாரன் துரத்தும்போது ஸ்டிக்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே ஓட வேண்டும், விசைப்பலகையில் விரல் கழன்றுவிடும். பிசி பதிப்பு சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும் பழக்கமும் உள்ளது. எனவே போன் விதி அங்கேயும் பொருந்தும்.

ஆக என் முதல் பதிலைத் திருத்துகிறேன். 360ஆ பிஎஸ்3ஆ என்றால் பிஎஸ்3. ஒரு சுமாரான பிசி இருந்தால் பிசி. ஆளைத் திருப்புகிற சுகமும் கிடைக்கும், ஃபிரேமும் நிற்கும். டைரக்டர்ஸ் கட் உண்மையில் முடிந்தது டுரான்டே கையில்தான்.

கோடை நாயுடுபுரம் | 17 நவம்பர், இரவு 8.15

அப்ப ஸ்விட்ச்ல 2019ல வந்த 'ஒரிஜின்ஸ்'?

கட்டபெட்டு | 18 நவம்பர், காலை 6.55

அது பெயருக்கேற்றபடி பழைய 2010 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. டைரக்டர்ஸ் கட் திருத்தங்களை அதில் தேட வேண்டாம். தாத்தா பேத்தி சட்டகமும் கிடையாது. அதிலும் ஃபிரேம் திக்கும். குன்னூர்க்காரர் தேடுகிற பயம் அங்கே கிடைக்கும், வாங்கிப் போய் அனுபவிக்கட்டும்.

குன்னூர் சிம்ஸ்பார்க் | 18 நவம்பர், காலை 8.10

ஏற்கெனவே இருக்கு. கொலைகாரன் துரத்தலைக் கையடக்கமா விளையாடினா மெஷினே கையை விட்டுப் பறந்துரும், அது மட்டும்தான் குறை.

அரவேணு | 30 நவம்பர், இரவு 9.35

டைனர் காட்சி வந்துச்சு. வான்கோழி, ஸ்ட்ராபெர்ரி ஜாம், சீரியல் மூணையும் வச்சு ஒரு சாண்ட்விச். யார்க் முதல்ல மூஞ்சியச் சுளிச்சிட்டு அப்புறம் ரசிச்சுச் சாப்பிடறார். யாராவது செஞ்சு பார்த்திருக்கீங்களா?

கோடை நாயுடுபுரம் | 30 நவம்பர், இரவு 10.05

ஜாம் மட்டும்தான் நமக்குப் பிரச்சினை இல்ல, மலையிலயே கிடைக்கும். வான்கோழிக்குப் பதில் கோழி நெஞ்சுக்கறி 80 கிராம், உப்பு மிளகு மட்டும் போட்டு வேகவச்சு, ஆறினப்புறம் மெல்லிசா நறுக்குங்க. ரொட்டி ரெண்டு துண்டு, நெய் வேண்டாம், வெறும் தவாவுல வாட்டுங்க. ஜாம் ஒரு மேசைக்கரண்டி ஒரு பக்கத்துல. கறியை இன்னொரு பக்கத்துல. நடுவுல கார்ன்ஃப்ளேக்ஸ் ஒரு கைப்பிடி. ஜாம் மேல நேரா கொட்டாதீங்க, கறி மேல கொட்டி மூடுங்க. ரெண்டு நிமிஷத்துக்குள்ள தின்னணும், மூடுபனி நாள்ல அதுக்குள்ளேயே நமத்துப் போயிரும்.

கட்டபெட்டு | 1 டிசம்பர், காலை 7.30

கார்ன்ஃப்ளேக்ஸ் எதற்கு, வர்க்கி இருக்கும்போது? ஒரு வர்க்கியை உள்ளங்கையில் நொறுக்கித் தூவினால் பத்து நிமிடம் மொறுமொறுப்பு நிற்கும். நெய் வாசனைக்கு ஜாம் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், அரைக் கரண்டி போதும்.

அரவேணு | 14 டிசம்பர், இரவு 11.50

துரத்தல்ல அஞ்சு தடவை செத்தாச்சு. ஸ்டிக்கை எவ்வளவு ஆட்டினாலும் யார்க் இடது பக்கமே சாயறார்.

கட்டபெட்டு | 15 டிசம்பர், காலை 7.00

ஸ்டிக் தேய்ந்துவிட்டது. கையை எடுத்துவிட்டு, அமைதியான இடத்தில் யார்க் தானாக நகர்கிறாரா என்று பாருங்கள். நகர்ந்தால் விளையாட்டின் குற்றமல்ல, கன்ட்ரோலரின் குற்றம். முதலில் ஸ்டிக்கின் அடிவட்டத்தில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, வட்டமாக இருபது முறை சுழற்றி, அரை மணி காயவிடுங்கள். தண்ணீர் கலந்த மருந்துக்கடை ஸ்பிரிட் வேண்டாம், இந்தக் குளிரில் காயவே காயாது. அப்படியும் சாய்ந்தால் வேறு கன்ட்ரோலர். ஒளிந்துகொள்கிற இடத்தில் ஸ்டிக்கை ஆட்டாதீர்கள், அங்கே மூச்சை மட்டும் அடக்குங்கள்.

அரவேணு | 15 டிசம்பர், இரவு 10.20

தம்பியோட கன்ட்ரோலர் மாத்தினேன், முதல் தடவையே தப்பிச்சாச்சு. போன் பார்த்துச் சேமிச்சு முடிக்க, கரண்ட் போயிருச்சு.